அலமாரிக் கதவில் தெரிந்த பல்

அவருக்கு ரசமட்டம் என்று பேர் வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். மனுஷன் அலமாரி செய்கிறவர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் இருக்கும். எங்கே போனாலும் அதை எடுத்து வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மாமனார் வீட்டில் முதன்முதலாகச் சாப்பிட உட்கார்ந்தபோதே அதை மேஜைமேல் வைத்து, "மாமா, உங்க மேஜை ஒரு பக்கமா சாயுது" என்று சொன்ன ஆள். மாமனார் அன்றைக்கு மகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்படி ஒருத்தனையா பிடித்தாய் என்று கேட்காத குறைதான்.

அந்த மகள்தான் இன்றைக்குக் கடையை நடத்துகிறவள். கடையில் எல்லோரும் அவளை முதலாளி என்பார்கள், அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். போனை எடுப்பது, ஆர்டர் பிடிப்பது, கதவு கிறீச்சிடுகிறது, டிராயர் சிக்குகிறது என்று வருகிற புகாரையெல்லாம் வாங்கிக்கொள்வது எல்லாம் அவள் பாடு. "மரம் என்னுது, வாய் அவளுது" என்று அவர் பெருமையாகச் சொல்லுவார். அவள் முறைப்பாள். ஆனால் உண்மை அதுதான்.

கடைக்கு ஒரு விஆர் ஹெட்செட் வாங்கியதும் அவள் யோசனைதான். சமையலறை அலமாரி கேட்டு வருகிறவர்களின் தலையில் அதை மாட்டிவிட்டால் போதும், இன்னும் செய்யாத சமையலறைக்குள் போய் நிற்பார்கள். இல்லாத டிராயரை இழுக்கக் கையை நீட்டுவார்கள். ஒரு வாத்தியார் இல்லாத மேடையில் சாய்ந்து நிற்கப் போய்த் தரையில் உட்கார்ந்தே விட்டார். அன்றைக்குக் கடையே சிரித்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு காலையிலும் முதலாளி அந்த ஹெட்செட்டை மெல்லிய துணியால் துடைத்து வைப்பாள். நாலு பேர் முகத்தில் மாட்டுகிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பாள்.

இனிமேல்தான் சங்கதி. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லாவிட்டால் கதை நகராது.

மதியம் முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். போனால் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டுத்தான் வருவாள். நம்மாள் வேலை இருக்கிறது என்று பின்னால் இருக்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வேலையாவது ஒன்றாவது! அதே ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கிற நேரலை ஒன்றுக்குள் நுழைவார். எங்கேயோ ஒரு அறையில் ஒரு பெண், அவள் எதிரே இப்போது இரண்டு கண் வைத்த கேமரா. பார்க்கிறவனுக்கு அந்தக் கேமரா இருக்கிற இடத்தில் தானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். படம் பார்க்கிற நினைப்பே வராது. அவள் ஆளுயரத்துக்கு எதிரே நிற்பாள். கழுத்தைத் திருப்பினால் சுவர், விளக்கு, தொங்குகிற துண்டு எல்லாம் அதது இடத்தில் இருக்கும். குனிந்தால் மட்டும் நம் கையும் காலும் தெரியாது. நாம் இல்லாமலே நாம் அங்கே இருப்போம்.

அவள் பேர் மின்மினி. அதாவது அங்கே அவளுக்கு அந்தப் பேர். நீலத்தில் பொய்முடி, மூக்குவரைக்கும் மறைக்கிற முகமூடி. வம்பு பேசுவாள், சிரிப்பாள், ஆடுவாள், ஆடிக்கொண்டே உடுத்தியிருப்பதை ஒவ்வொன்றாகக் குறைப்பாள். பக்கத்தில் ஒரு ஓரமாகப் பார்க்கிறவர்கள் எழுதுவதெல்லாம் மேலே மேலே ஓடிக்கொண்டே இருக்கும். காசு கட்டுகிறவர்கள் எழுதினால் வண்ணத்தில் வரும், அவள் வாசித்துப் பதில் சொல்வாள். மற்றவர்கள் எழுதுவது காற்றோடு போகும். நம்மாள் ஒரு எழுத்துகூட எழுதினதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. வாயைத் திறக்காமல் பார்த்தால் தப்பு பாதிதான் என்று அவராக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். நல்ல கணக்கு!

இப்படியே மாசக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. முன்பு அவள் சாதாரணக் கேமரா வைத்திருந்தாள், எதிரே இருக்கிற கட்டிலும் சுவரும்தான் தெரியும். இந்த வாரம்தான் இரண்டு கண் கேமராவுக்கு மாறியிருந்தாள். நம்மாள் ஆசையாக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அழகான பெண் ஒருத்தி எதிரே ஆடிக்கொண்டிருக்கிறாள், இவர் கண் எங்கே போனது தெரியுமா? அவளுக்குப் பின்னால், வலது மூலையில் நின்ற அலமாரிக்கு.

கதவு தொங்கியிருந்தது. மேல் கீல் தளர்ந்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மேலே விரிந்து கீழே குறுகி ஒரு இடைவெளி. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. 'எந்த மடையன் மாட்டினான் இதை? இவ்வளவு கனமான கண்ணாடியை ஒட்டிட்டு ரெண்டு கீல்ல நிறுத்தியிருக்கானே, கூறு கெட்டவன்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கண்ணைக் கீழே இறக்கினார். டிராயர்களுக்குக் கைப்பிடி இல்லை. மேல்விளிம்பில் விரல் நுழைகிற மாதிரி அரைவட்டமாக ஒரு வெட்டு. அந்த வெட்டை வெட்டுகிறவர் அவருக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார்.

மடையன் யாரென்று தெரிந்துவிட்டது.

அலமாரி ஞாபகம் வந்ததும் வீடும் ஞாபகம் வந்தது, வீட்டுக்காரியும் ஞாபகம் வந்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத பெண். ஏதோ ஆபீசில் வேலை பார்க்கிறவள் என்றுதான் நினைத்திருந்தார். ஆர்டர் கொடுக்கும்போதே தெளிவாகச் சொன்னாள். "முகம் பாக்கற கண்ணாடி கதவுக்கு உள்பக்கம் இருக்கட்டும். கதவைத் திறந்தாத்தான் தெரியணும். வெளியில வேண்டாம்." இவர் கேட்டாரா? கேட்டால் இவர் ரசமட்டம் இல்லையே. பெண்கள் கண்ணாடியை உள்ளே ஒளித்து வைக்கச் சொல்வார்களா, ஏதோ தெரியாமல் சொல்லுகிறாள் என்று வெளிப்பக்கம் ஒட்டிவிட்டார். அவள் வந்து பார்த்து, "நான் உள்பக்கம்னு சொன்னேனே" என்றபோது, "பாருங்க மேடம், ரூம் எவ்வளவு பெருசா தெரியுது! நாளைக்கு நீங்களே என்னை வாழ்த்துவீங்க" என்று அளந்துவிட்டு வந்தார். அவளும் இந்த மனுஷனிடம் மல்லுக்கட்ட முடியாது என்று விட்டுவிட்டாள்.

இப்போது ஹெட்செட்டுக்குள் இருந்தபடி அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். கேமராவுக்குப் பின்னால், வெளிச்சத்துக்காக அவள் திறந்து வைத்திருக்கிற ஜன்னல் அந்தக் கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எதிர்க் கட்டடம். எதிர்க் கட்டடத்து மாடிச் சுவரில், ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பல். பல் டாக்டர் தொங்கவிட்டிருக்கிற பொம்மைப் பல், இரண்டு வேரோடு. ஊரில் அந்தப் பல்லைத் தெரியாத ஆள் கிடையாது. பல்லுக்கு எதிர் வீடு என்றால் ஆட்டோக்காரர் வழியே கேட்கமாட்டார்.

பாவம், அவளுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. கேமராவுக்கு முதுகுப்பக்கம் இருக்கிற ஜன்னல் எப்படிப் படத்தில் வரும் என்று நினைத்திருப்பாள். தன் கம்ப்யூட்டரில் பார்த்தால் மூலையில் ஏதோ பளிச்சென்று ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். ஹெட்செட்டை மாட்டிக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறவனுக்குத்தான் பல் தெரியும்.

'எனக்கு அலமாரி மேல பைத்தியம், அதனால பாத்தேன். வேற எவன் மூலையைப் பாக்கப்போறான்' என்று அவர் தன்னைத் தேற்றிக்கொள்வதற்குள், ஓரமாக ஓடுகிற எழுத்துகளில் ஒன்று கண்ணில் பட்டது. பருந்து என்று பேர் வைத்துக்கொண்ட ஒருத்தன் எழுதியிருந்தான்: "அந்தப் பல் எனக்குத் தெரிஞ்ச பல்லாச்சே. ரெண்டாவது மாடியா, மூணாவது மாடியா கண்ணு?"

வண்ணமில்லாத எழுத்து. அவள் கவனிக்கவில்லை. அது மேலே போய் மறைந்தது. மின்மினி சிரித்துக்கொண்டே தோள்பட்டையைத் திருப்பினாள்.

எழுதி எச்சரிக்கலாம் என்று முதல்முறையாக விரலை எடுத்தார். 'கண்ணாடியில ஜன்னல் தெரியுது' என்று பாதிவரைக்கும் போனார், நிறுத்தினார். அதை எழுதினால் என்ன ஆகும்? உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்புவான்கள். ஒரு பருந்து போய் ஊர்ப்பட்ட பருந்து ஆகிவிடும். எழுதியதை அழித்தார். ஹெட்செட்டைக் கழற்றி அதன் தட்டில் கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் காலையில் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, இலவச சர்வீஸ் என்று சொல்லிக் கதவைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்துவிட்டால் தீர்ந்தது விஷயம். இதுதான் திட்டம். கட்டடத்து வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"யார் வீட்டுக்கு?"

"மூணாவது மாடி. அலமாரி சர்வீஸ்."

"நல்லவேளை, காரணம் சொன்னீங்க" என்றார் காவலாளி. "நேத்து சாயங்காலம் ஒருத்தன் வந்து நீல முடி வெச்ச பொண்ணு எந்த மாடின்னு கேக்கறான். இங்க நீல முடியும் இல்ல, பச்சை முடியும் இல்ல, போய்யான்னு அனுப்பிட்டேன். எதிர்ல பல் டாக்டர் வாசல்லயே நின்னு, மாடி மாடியா அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தான்."

அவர் திரும்பி அந்தப் பல்லை ஒருதரம் பார்த்தார். படியேறிப் போய் மணி அடித்தார். சங்கிலி போட்ட கதவு கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

"என்ன வேணும்?"

"அலமாரிக் கடையிலேருந்து மேடம். கதவு தொங்கிப்போயிருக்கும். இலவசமா சரி பண்ணித் தர வந்தேன்."

"கதவு தொங்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

நியாயமான கேள்வி. யார் சொன்னது?

"பொதுவா... தொங்கும் மேடம். கண்ணாடி கனம்..."

"நான் யாரையும் கூப்பிடலை. இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தீங்கன்னா போலீசைக் கூப்பிடுவேன்." கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு தாழ்ப்பாள், அப்புறம் இன்னொரு தாழ்ப்பாள்.

படியில் நின்றபடி யோசித்தார். அவள் செய்தது சரி. கூப்பிடாமல் வந்து, வீட்டுக்குள் இருக்கிற குறையைச் சொல்லி, உள்ளே விடு என்கிற ஆம்பளைக்கு எந்தப் பெண் கதவைத் திறப்பாள்? பருந்து வந்தாலும் இப்படித்தான் வருவான். போன் பண்ணினாலும் இதே கதிதான். மதியம் ஆனால் அவள் கேமரா முன்னால் வந்துவிடுவாள், ஜன்னல் திறந்திருக்கும், பல் தெரியும், மாடி எதுவென்று பருந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவான். அந்தக் கதவைத் திறக்கவைக்க, அன்றைக்குப் போனில் அவளிடம் ஆர்டர் பிடித்த குரலால்தான் முடியும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

வேறு வழியே இல்லை என்றானதும் அவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. விடுவிடுவென்று கடைக்கு நடந்தார்.

முதலாளி பிளைவுட்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை நின்றார். பிறகு கடையின் கதவைச் சாத்தினார்.

"பட்டப்பகல்ல ஏன் கடையைச் சாத்தறீங்க?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாம கேளு."

சொன்னார். மதியங்கள், பின்னறை, மின்மினி, அலமாரி, கண்ணாடி, பல், பருந்து, காவலாளி எல்லாம் வரிசையாகச் சொன்னார். ஒன்றையும் மென்று முழுங்கவில்லை. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எதுல பாத்தீங்க?" என்றாள் கடைசியில்.

அவர் அலமாரித் தட்டில் இருந்த ஹெட்செட்டைக் காட்டினார்.

"இதுலயா? கஸ்டமருக்குப் போட்டு விடறோமே, இதுலயா? அட, தினமும் காலைல நான்தானே இதைத் தொடைச்சு வைக்கிறேன்! சுத்தமா இருக்கணும் சுத்தமா இருக்கணும்னு பாத்துப் பாத்துத் தொடைக்கிறேனே, எதைத் தொடைச்சுக்கிட்டிருந்தேன் நான்?" அந்தத் துணியை எடுத்து மேஜைமேல் வீசினாள். "நான் என்ன குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் என்ன?"

அவர் இதைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்போதுதான் யோசித்தார். "அங்க என்னை யாருக்கும் தெரியாது. நான் எதையும் சரி பண்ண வேண்டியதில்ல. சும்மா உக்காந்திருந்தாப் போதும். ஒரு நாள் போனேன், அப்புறம் விட முடியல. நியாயம் சொல்லல. கேட்டியேன்னு சொன்னேன்."

"இப்ப ஏன் வந்து சொல்றே? மாட்டிக்கிட்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை நீ என்று சொன்னதில்லை. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"மாட்டிக்கல. நான் சொல்லலைன்னா உனக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது."

"பின்ன?"

"நான் போனா அந்தப் பொண்ணு கதவைத் திறக்க மாட்டேங்குது. நீ வந்தா திறக்கும். அந்தக் கண்ணாடியை நான்தான் வெளியில ஒட்டினேன். உள்பக்கம் ஒட்டுன்னு அது அப்பவே சொல்லிச்சு."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஹெட்செட்டை எடுத்துத் தன் கைப்பைக்குள் திணித்தாள். அது அடங்கவில்லை, இன்னும் பலமாகத் திணித்தாள். "என் கோபம் எங்கயும் ஓடிப்போயிடாது. அது பாட்டுக்கு இருக்கும், வந்து வெச்சுக்கறேன். அந்தப் பொண்ணு வேலையை எப்ப ஆரம்பிக்கும்?"

"மதியம். இன்னும் கொஞ்ச நேரத்துல."

"பெட்டியைத் தூக்கு."

போகிற வழியிலேயே போன் போட்டாள். எடுத்ததும் சுற்றி வளைக்கவில்லை. "அலமாரிக் கடை அக்கா பேசறேன்மா. என் குரல் ஞாபகம் இருக்கா? பயப்படாம கேளு. உன் அலமாரிக் கண்ணாடியில பின்னாடி ஜன்னல் தெரியுது. ஜன்னல்ல எதிர்ல இருக்கிற பல் தெரியுது. நீ வேலை பாக்கறப்போ பாக்கறவனுக்கெல்லாம் தெரியுது... எனக்கு எப்படித் தெரியுமா? என் புருஷன் பாத்திருக்காரு. ஆமாம்மா. கட்டின புருஷன்தான். ஜன்னலை மூடிட்டு உக்காரு, நான் வர்றேன்."

அந்தப் பக்கம் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "வாங்கக்கா" என்று மெல்ல வந்தது.

கதவு திறந்தபோது சங்கிலி இல்லை. அவள் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலைமுடியை ரப்பர் பேண்டில் கட்டியிருந்தாள். "நீங்க மட்டும் உள்ள வாங்கக்கா" என்றாள். அவர் கருவிப்பெட்டியோடு வெளியில் நின்றார். உள்ளே இரண்டு பேரும் பேசுவது கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஒருமுறை யாரோ அழுகிற மாதிரி இருந்தது. யார் என்று தெரிந்துகொள்ள அவருக்குத் தைரியம் இல்லை.

பிறகு அந்தப் பெண் கூப்பிட்டாள். "உள்ள வாங்க சார்."

அந்த அறைக்குள் முதல் அடி வைக்கும்போது அவருக்குக் கால் கூசியது. கட்டில், விளக்கு, தொங்குகிற துண்டு. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கும் என்று பார்க்காமலே தெரியும். அதை நினைக்க வெட்கமாக இருந்தது. அவள் மூடியிருந்த ஜன்னலைத் திறந்தாள். தாங்கியிலிருந்து கேமராவைக் கழற்றி வைத்தாள், தாங்கியை ஓரம் தள்ளினாள், அதே இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. இங்கேருந்துதானே பாப்பீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். உட்கார்ந்தார். எதிரே, எப்போதும் நிற்கிற அதே இடத்தில், மூக்குக்கண்ணாடியோடு அவள் நின்றாள். குனிந்தால் இன்றைக்கு அவர் கை தெரிந்தது, கால் தெரிந்தது, தேய்ந்துபோன செருப்பு தெரிந்தது.

"என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. அக்கா சொன்னாங்க, எனக்கு நம்ப முடியல."

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாள் நல்லாத்தானே பாத்தீங்க? நிமிர்ந்து பாருங்க சார். எனக்குத் தெரிஞ்சாகணும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நிமிர்ந்தார். அவளைத் தாண்டி, மூலையில் தொங்கிப்போன கதவைப் பார்த்தார். "பல் தெரியுது மேடம். முழுசா. ஜன்னல் கம்பி தெரியுது. இது மூணாவது மாடின்னு, கொஞ்சம் உக்காந்து கணக்குப் போட்டா அதுவும் தெரியும்."

"வேற?" இதைக் கேட்டது ஜன்னல் பக்கத்திலிருந்த மனைவி.

"நீ தெரியறே" என்றார். கண்ணாடிக்குள் அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறே."

அந்தப் பெண்ணும் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "உள்பக்கம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"ஏன் கேக்கலை?"

"எனக்கு உங்களைவிட நல்லாத் தெரியும்னு நெனச்சேன். தப்பு மேடம். அதுவும் தப்பு, மத்ததும் தப்பு. மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல."

"வராம இருக்கிறது நல்லது" என்றாள் அவள். "கதவைக் கழட்டுங்க."

கழற்றினார். கண்ணாடியைப் பெயர்த்து, துணியில் சுற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தார். கதவை இழைத்து, கூடுதலாக ஒரு கீல் வைத்துத் திரும்ப மாட்டினார். பழக்கதோஷம், சட்டைப்பைக்குக் கை போனது. மனைவியின் பார்வையைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"வேற வீடு பாத்துக்கோயேன்மா" என்றாள் முதலாளி.

"எதுக்குக்கா? அவன் கேக்கறதுக்காக நான் ஏன் வீட்டைக் காலி பண்ணணும்? இது என் வீடு. இது என் வேலை. நான் யார் வாசல்லயும் போய் நிக்கலை, அவன்தான் வந்து நின்னான்." அவள் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். "இப்பவே போய்ப் புகார் கொடுக்கப்போறேன். சிரிப்பாங்க. உனக்கு இது தேவைதான்னு மூஞ்சியில எழுதியிருக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனா அவன் எழுதினது ஓரத்துல ஓடற அந்தச் சாட்டுல இப்ப இருக்காது. ஒருத்தன் நீல முடின்னு கேட்டதைக் காவலாளி சொல்லுவார், அதுக்கும் எனக்கும் சம்பந்தம் இருக்குன்னு யார் சொல்லுவா? பல்லைப் பாத்து மாடி கேட்டு அவன் எழுதினதைக் கண்ணால பாத்த ஆள் வேணும்."

அறையில் பாத்த ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் திருப்புளியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"நான் வர்றேன் மேடம்."

ஸ்டேஷனில் புகார் எழுதுகிற காவலர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட, நம்ம ரசமட்டம்! எங்க வீட்டுக் கிச்சன் போட்டவராச்சே! என்ன, கடையில திருட்டா?" பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, இந்த மனுஷன்தானா கிடைத்தான் என்று அவருக்கு இருந்தது. இந்தக் காவலர் வீட்டம்மா அந்தத் தெருவுக்கே வாயாக இருக்கிறவள். சாயங்காலத்துக்குள் ஒரு வீடு பாக்கி இருக்காது.

அந்தப் பெண் தன் வேலையைச் சொன்னாள். காவலரின் பேனா ஒருதரம் நின்றது, உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவள் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டே போனாள். பருந்து வரைக்கும் வந்ததும் காவலர் கேட்டார். "அவன் எழுதினதை யார் பாத்தது?"

"நான்" என்றார் ரசமட்டம்.

காவலர் அவரைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, நல்லது செய்கிற நினைப்பில் சொன்னார். "அண்ணே, யாரோ சொல்லக் கேட்டேன்னு போட்டுக்கறேன். குடும்பஸ்தன். எதுக்கு உங்களுக்கு இந்த அசிங்கம்?"

அருமையான கதவு. திறந்தே இருந்தது. நுழைந்து வெளியே போய்விடலாம். அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மட்டும் நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ சொல்லக் கேட்ட சாட்சி குப்பைக்குப் போகும் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

"வேண்டாம் சார்" என்றார். பெஞ்சில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கவே வந்தது. "யாரும் சொல்லல. நான்தான் பாத்தேன். என் கடையில, என் ஹெட்செட்ல, மதியம் உக்காந்து பாத்தேன். பல மாசமா பாத்துக்கிட்டிருக்கேன். நேத்து அவன் எழுதினதையும் பாத்தேன். என் பேரைப் போட்டு அப்படியே எழுதுங்க. எங்க கேட்டாலும் வந்து சொல்லுவேன்."

யாரோ ஒருத்தர் கிளுக்கென்று சிரித்தார். அவர் காது சிவந்தது, தலை குனியவில்லை. காவலர் எழுதினார். எழுதிவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார். "இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்க வீட்டு அலமாரி செஞ்சவர். அன்னைக்கு நான் சொன்னதைக் கேக்கலை. இன்னைக்குக் கேட்டார். அதையும் எழுதிக்குங்க."

வெளியே வந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. அந்தப் பெண் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குக் காலைல வந்து கண்ணாடியை உள்பக்கம் ஒட்டிக் கொடுங்க. அக்காவும் வரணும். மதியம் நான் வேலையை ஆரம்பிச்சிருவேன், ஜன்னலை மூடிட்டு. அங்க நீங்க இருக்கக் கூடாது."

"இருக்க மாட்டார்" என்றாள் முதலாளி. ஹெட்செட் துருத்திக்கொண்டிருந்த கைப்பையைத் தோளில் இன்னும் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அவ சொல்றதுக்காக இல்ல மேடம்" என்றார் அவர். "நானே சொல்றேன். இருக்க மாட்டேன்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். இவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். அவர் கருவிப்பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு, ஏதாவது சொல்வாளா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நட" என்றாள் அவள்.

நடங்க என்று வர இன்னும் நாளாகும். அது அவருக்குத் தெரியும். நடந்தார்.